கவுன்ட்டரும் பதிவறையும்

(மின் ஆளுமைப் பயிலரங்கு ஒன்றில் மென்பொருள் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை இயன்றவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



முதலில் உங்க போனை எடுத்துக்குங்க. வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறதா வச்சுக்குவோம். பெயர், முகவரி எல்லாம் நிரப்பி, ரேஷன் கார்டைப் படம் எடுத்து ஏற்றி, ‘சமர்ப்பி’ என்ற பொத்தானை அழுத்திட்டீங்க. ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்போ நம்ம வாயில் வரும் வார்த்தை என்ன? ‘சர்வர் டவுன்’. இ-சேவை மையத்துக்குப் போனாலும் அதே வார்த்தைதான்.

ஆனால் சர்வர் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு தனித்தனி இடங்கள் இருக்கின்றன. தாலுகா அலுவலகத்தை நினைச்சுப் பாருங்க. முன்னால் கவுன்ட்டர். அங்கே ஒருவர் உட்கார்ந்து மனுவை வாங்கி, சரிபார்த்து, ரசீது கொடுக்கிறார். பின்னால் பதிவறை. அங்கேதான் பதிவேடுகளும் கோப்புகளும் இருக்கின்றன. கூட்டம் வந்தால் கவுன்ட்டரைக் கூட்டலாம், கூட்டம் போனால் மூடலாம். பதிவறையை அப்படி மூடித் திறக்க முடியாது. அதில் ஒரு தாள் காணாமல் போனாலும் யாரோ ஒருவருடைய நிலமோ படிப்போ சிக்கலில் மாட்டும்.

செயலிகளிலும் இதே கதைதான். கவுன்ட்டர் என்பது நிரல் ஓடும் இடம். இப்போது பெரும்பாலும் அது ‘கன்டெய்னர்’ என்ற பெட்டிக்குள் ஓடுகிறது. பதிவறை என்பது டேட்டாபேஸ். அதில் ஒரு வகைதான் ‘நோ-எஸ்க்யூஎல்’.

மென்பொருள் செய்யும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: “சார், கையில் இருக்கிற பணம் கொஞ்சம். நல்ல நோ-எஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்குப் போடலாமா, இல்ல மேனேஜ்டு கன்டெய்னர் சேவைக்குப் போடலாமா?” வீட்டுக்கு பீரோ வாங்கலாமா, வேலைக்கு ஆள் வைக்கலாமா என்று கேட்பது மாதிரி இருக்கிறது. இரண்டும் வேற வேற வேலை. ஆனாலும் ஒன்றில் செய்யும் தவறு இன்னொன்றில்தான் வெடிக்கும். பொதுமக்களுக்கு இது எதுக்கு என்று நினைக்காதீங்க. அந்த வட்டம் ஏன் சுற்றுகிறது என்று தெரிந்தால், அந்த நேரத்தில் என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

பதிவேடும் கோப்பும்

பதிவறையில் இரண்டு வகைப் பொருள் உண்டு. ஒன்று அ-பதிவேடு மாதிரியானது. புல எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை, உரிமையாளர் பெயர் என்று கோடு போட்ட கட்டங்கள். எந்த ஊர்ப் பதிவேட்டைத் திறந்தாலும் அதே கட்டங்கள்தான். 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர், தகவல்களை இப்படி அட்டவணைகளாக வைத்து, அட்டவணைகளுக்குள் தொடர்பு ஏற்படுத்தும் முறையை எழுதிக்காட்டினார். அதிலிருந்து வளர்ந்தவைதான் ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்றவை. இவற்றிடம் கேள்வி கேட்கும் மொழியின் பெயர் எஸ்க்யூஎல்.

இதன் பெரிய பலம் ஒழுங்கு. பணம் ஒரு கணக்கில் கழிந்தால் இன்னொரு கணக்கில் ஏறியே ஆகணும். இரண்டும் நடக்கணும், இல்லைன்னா இரண்டுமே நடக்கக்கூடாது. பாதியில் மின்சாரம் போனாலும் இந்த விதியைக் காப்பாற்றும்.

இன்னொரு வகை, கோப்பு. நூல் கட்டி, மேலே ஒரு எண் எழுதிய கோப்பு. ஒருத்தருடைய கோப்பில் சம்பளச் சான்று இருக்கும். விவசாயியின் கோப்பில் சிட்டா இருக்கும். விதவைச் சான்று கேட்டவர் கோப்பில் கணவரின் இறப்புச் சான்று இருக்கும். ஒன்றில் மூன்று தாள், இன்னொன்றில் பதினெட்டுத் தாள். இதையெல்லாம் ஒரே அட்டவணையில் அடைத்தால் பாதிக் கட்டங்கள் காலியாகக் கிடக்கும். புதுசா ஒரு சான்று சேர்த்தால் அட்டவணையையே திருத்தணும்.

இந்தக் கோப்பு முறைதான் நோ-எஸ்க்யூஎல் குடும்பத்தில் பிரபலமான ஒன்று. 2009-இல் வெளிவந்த மோங்கோடிபி இந்த வகை. அதே ஆண்டில் வந்த ரெடிஸ் வேறு வகை. கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குறோமே, அதே மாதிரி. எண்ணைக் கொடு, பொருளை வாங்கு, அவ்வளவுதான். ரொம்ப வேகம். ஆனால் “சிவப்பு வார் போட்ட செருப்பெல்லாம் எடு” என்று கேட்டால் திண்டாடும். இன்னும் பெரிய அளவுக்கு, பல கணினிகளில் பிரித்து வைக்கும் முறைகளுக்கு வழிகாட்டியவை இரண்டு ஆய்வுக் கட்டுரைகள். 2006-இல் கூகுள் வெளியிட்ட பிக்டேபிள், 2007-இல் அமேசான் வெளியிட்ட டைனமோ. பேஸ்புக்கில் பிறந்த கசாண்ட்ரா இந்த இரண்டின் வழியில் வந்தது.

பெயரைப் பார்த்து ‘எஸ்க்யூஎல் வேண்டாம்’ என்று அர்த்தம் எடுக்காதீங்க. ‘எஸ்க்யூஎல் மட்டும் அல்ல’ என்றுதான் பலரும் இப்போது பொருள் சொல்கிறார்கள். நடுவில் இருந்த சுவரும் இடிந்துகொண்டே வருகிறது. 2014 முதல் போஸ்ட்கிரெஸ் அட்டவணைக்குள்ளேயே ஒரு கட்டத்தில் முழுக் கோப்பை வைத்துத் தேட முடிகிறது. 2018 முதல் மோங்கோடிபியிலும் பல கோப்புகளைச் சேர்த்து ‘எல்லாம் நடக்கணும், இல்லைன்னா எதுவும் நடக்கக்கூடாது’ என்று கட்ட முடிகிறது.

பெட்டிக்குள் ஒரு கவுன்ட்டர்

இப்போ கவுன்ட்டர் பக்கம் வருவோம். தூத்துக்குடி, சென்னைத் துறைமுகங்களில் வரிசையாக அடுக்கிய இரும்புப் பெட்டிகளைப் பார்த்திருப்பீங்க. 1956 ஏப்ரல் 26-ஆம் தேதி அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் 58 பெட்டிகளோடு ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. இன்றைய கன்டெய்னர் வணிகத்தின் தொடக்கம் அதுதான். உள்ளே என்ன சரக்கு என்று கிரேனுக்குக் கவலை இல்லை. பெட்டி ஒரே மாதிரி இருக்கிறது, தூக்கி வைக்க முடிகிறது, போதும்.

மென்பொருளிலும் அதே யோசனை. ஒரு நிரல் ஓட அதற்கான மொழி, துணை நிரல்கள், அமைப்புகள் எல்லாம் வேணும். முன்பெல்லாம் “என் லேப்டாப்பில் ஓடுது சார், உங்க சர்வரில்தான் ஓடலை” என்ற சண்டை தினமும் நடக்கும். 2013-இல் வந்த டாக்கர், நிரலையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கட்டும் வழியை எளிமையாக்கியது. அந்தப் பெட்டியை எங்கே வைத்தாலும் ஒரே மாதிரி ஓடும்.

பெட்டிகள் நூறு ஆனால் யார் பார்த்துக்கொள்வது? 2014-இல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டிஸ் அதற்காக வந்தது. அது ஒரு கிரேக்கச் சொல், சுக்கான் பிடித்துக் கப்பலை ஓட்டுபவர் என்று பொருள். பழந்தமிழில் மீகாமன் என்று நமக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது.

மீகாமன் வேலை லேசானது இல்லை. மூன்று பேர் இருக்கும் குழு அதைச் சொந்தமாக நடத்த ஆரம்பித்தால், ஒருத்தர் அதையே பார்த்துக்கொண்டு உட்காரணும். அதனால் வந்ததுதான் மேனேஜ்டு கன்டெய்னர் சேவை. அமேசானின் ஃபார்கேட் 2017-இல் வந்தது, கூகுளின் கிளவுட் ரன் 2019-இல் வந்தது. மைக்ரோசாஃப்ட்டிடம் அசூர் கன்டெய்னர் ஆப்ஸ் இருக்கிறது. பெட்டியை நீங்க கொடுக்கணும். குறைந்தது எத்தனை, அதிகபட்சம் எத்தனை என்று சொல்லணும். இயந்திரம் பழுதானால் மாற்றுவது, கூட்டம் வந்தால் பெட்டி கூட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. ஓடிய நேரத்துக்குக் காசு.

சில சேவைகளில் யாருமே வராத நேரத்தில் எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்கே இறக்கலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு செலவே இல்லை. ஆனால் காலையில் முதல் ஆள் வரும்போது கடையைத் திறந்து, விளக்கேற்றி, நாற்காலி போடணும் இல்லையா? அந்த முதல் ஆள் சில நொடிகள் கூடக் காத்திருப்பார். அதனால் மக்கள் சேவைகளில் குறைந்தது ஒன்றிரண்டு பெட்டிகளை எப்போதும் திறந்தே வைப்பது நல்லது.

ஒன்றை மட்டும் மறக்காதீங்க. ‘மேனேஜ்டு’ என்றால் எல்லாமே அவர்கள் பொறுப்பு என்று அர்த்தம் இல்லை. உங்க நிரலில் உள்ள பிழை, உங்க கடவுச்சொல், உங்க பில், முக்கியமாக உங்க தகவல், இவை எல்லாம் உங்க பொறுப்புதான்.

நாங்க செய்த தவறு

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னால் நான் இருந்த ஒரு சிறு குழு, ஒரு கல்வி நிறுவனத்துக்காகச் சேர்க்கை விண்ணப்பத் தளம் செய்தது. மாணவர்கள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் ஏற்றுவார்கள். ஏற்றி முடித்ததும் ‘வெற்றிகரமாகப் பெறப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் வரும்.

அந்தப் படங்களை எங்கே சேமித்தோம் தெரியுமா? கன்டெய்னருக்குள்ளேயே. கவுன்ட்டர் மேசையின் இழுப்பறையில் வைத்த மாதிரி. சோதனை செய்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒரு சின்னப் பிழையைத் திருத்திப் புதுப் பெட்டியை ஏற்றினோம். புதுப் பெட்டி வந்தால் பழைய பெட்டி போய்விடும். அதுதான் கன்டெய்னரின் இயல்பு. ஒவ்வொரு முறையும் அச்சில் வார்த்த மாதிரி புதுசாகத்தான் பிறக்கும், முன்பு உள்ளே எழுதியது எதுவும் நினைவில் இருக்காது. பழைய கவுன்ட்டரோடு இழுப்பறையும் போய்விட்டது. அதுவரை வந்திருந்த எல்லாப் படங்களும் போய்விட்டன.

டேட்டாபேஸ் மட்டும் பத்திரமாக இருந்தது. அதில் ஒவ்வொரு மாணவர் பெயருக்கு எதிரிலும் ‘சான்றுகள் பெறப்பட்டன’ என்று எழுதியிருந்தது. சான்றுதான் இல்லை.

திங்கள்கிழமை காலையில் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போன் செய்தோம். நூறு பேருக்கு மேல். பலர் கோபப்பட்டாங்க, சிலர் ‘பரவாயில்லை, மறுபடி அனுப்புறேன்’ என்றாங்க. ஒரு மாணவியின் அப்பா எடுத்தார். கட்டட வேலைக்குப் போகிறவர். ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் இல்லை, பஸ் ஏறிப் பக்கத்து டவுனுக்குப் போய், அங்கே காசு கொடுத்து ஏற்றியிருக்கிறார். ஒரு நாள் கூலி போச்சு. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கத்தவில்லை. “சார், வெற்றிகரமாகப் பெறப்பட்டதுன்னு வந்துச்சே சார். நாங்க எதுவும் தப்பா அமுக்கிட்டோமா?” என்று கேட்டார்.

“இல்லைங்கண்ணே, தப்பு எங்களோடது” என்று சொன்னேன். அவர் மகளின் சான்றுகளை வாங்கிவர எங்க குழுவில் ஒருத்தரை அனுப்பினோம். கடைசித் தேதியையும் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினோம். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. நம்ம தப்புக்கு அவர் தன்னைக் குறை சொல்லிக்கொண்டார்.

திருத்தம் ரொம்ப எளிமையானது. படங்கள் தனியான பொருள் சேமிப்பகத்தில் இருக்கணும். அங்கே எழுதி முடிந்தது என்று உறுதியான பிறகுதான் டேட்டாபேஸில் அதன் முகவரியை எழுதணும். அதற்கும் பிறகுதான் பச்சை எழுத்து வரணும். இங்கே இருக்கும் குழுக்களுக்கு ஒரு சோதனை சொல்றேன். தளத்தைத் திறப்பதற்கு முன்னால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியை நீங்களே வேணும்னே கொன்று பாருங்க. ஒரு விண்ணப்பம்கூடக் காணாமல் போகவில்லை என்றால் மட்டும் மக்களைக் கூப்பிடுங்க.

கவுன்ட்டர் கூடினால் பதிவறை தாங்குமா?

அடுத்த தவறு, கூட்டம் வந்தால் பெட்டியைக் கூட்டினால் போதும் என்று நினைப்பது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை நிறுவினால், யாரும் மாற்றாத வரை அது ஒரே நேரத்தில் அதிகபட்சம் 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். உங்க கன்டெய்னர் ஒவ்வொன்றும் 10 இணைப்புகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று வைங்க. 5 பெட்டி என்றால் 50, பிரச்சினை இல்லை. முடிவு வெளியாகும் நாளில் கூட்டம் வருகிறது. மேனேஜ்டு சேவை சமத்தாகப் பெட்டிகளை 40 ஆக்குகிறது. 400 இணைப்பு கேட்கும். பத்தாவது பெட்டி வரும்போதே இடம் தீர்ந்துவிட்டது. மீதி 30 பெட்டிகளும் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கும். நாற்பது கவுன்ட்டர், பதிவறையில் ஒரே எழுத்தர் என்ற நிலைமை. கவுன்ட்டரைக் கூட்டக் கூட, அந்த ஒருத்தர் மேல்தான் எல்லாரும் விழுவார்கள்.

இதற்குத் தீர்வுகள் உண்டு. இணைப்புகளைப் பொதுவில் பகிர்ந்துகொள்ள நடுவில் ஒரு ஏற்பாடு வைக்கலாம். அடிக்கடி கேட்கும் பதில்களை ரெடிஸ் மாதிரியான இடத்தில் நகலெடுத்து வைக்கலாம். உடனே செய்யத் தேவையில்லாத வேலையை, உதாரணமாக எஸ்எம்எஸ் அனுப்புவதை, வரிசையில் போட்டுப் பிறகு செய்யலாம்.

“அப்போ நோ-எஸ்க்யூஎல் போட்டால் சரியாயிடுமா?” என்று கேட்பீங்க. பாதி சரி. பல கணினிகளில் பிரித்து வைப்பதால் அதிகச் சுமை தாங்கும். ஆனால் எந்த அடிப்படையில் பிரிக்கிறோம் என்பது முக்கியம். அமேசானின் டைனமோடிபியில் ஒரு பிரிவு நொடிக்கு 1,000 எழுத்து அலகுகள் வரைதான் தாங்கும். விண்ணப்பத் தேதியை வைத்துப் பிரித்தால், இன்று வரும் அத்தனை விண்ணப்பமும் ஒரே இழுப்பறைக்குள் போகும். மற்ற இழுப்பறைகள் சும்மா கிடக்கும். விண்ணப்ப எண்ணை வைத்துப் பிரித்தால் பரவலாகப் போகும். டேட்டாபேஸ் அதேதான். சாவி மாறினால் தலையெழுத்தே மாறுகிறது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. 2013 அக்டோபர் 1-ஆம் தேதி அமெரிக்க அரசு, மக்கள் மருத்துவக் காப்பீடு வாங்குவதற்காக ஹெல்த்கேர் டாட் கவ் என்ற தளத்தைத் திறந்தது. அதன் பின்னால் இருந்தது மார்க்லாஜிக் என்ற நோ-எஸ்க்யூஎல் டேட்டாபேஸ். முதல் நாளில் பதிவை முழுதாக முடிக்க முடிந்தவர்கள் 6 பேர். தொழில்நுட்பம் புதுசு என்பது மட்டும் காரணம் இல்லை. திட்டங்களைச் சும்மா பார்ப்பதற்கே முதலில் கணக்குத் தொடங்கணும் என்று வைத்திருந்தார்கள். எல்லாருடைய சுமையும் அந்த ஒரே வாசலில் விழுந்தது. எல்லாப் பகுதிகளையும் ஒன்றாக இணைத்து, முதலிலிருந்து கடைசி வரை போதுமான சோதனையும் நடக்கவில்லை.

நம்ம அனுபவமும் உண்டு. 2021 ஏப்ரல் 28-ஆம் தேதி மாலை 4 மணிக்கு, 18 வயது ஆனவர்களுக்குக் கோவின் தளத்தில் தடுப்பூசிப் பதிவு தொடங்கியது. முதல் சில நிமிடங்களில் பலருக்கு ஓடிபி வரவில்லை, தளம் திணறியது. ஆனாலும் அன்று ஒரே நாளில் 1 கோடியே 30 லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஓடிபி என்பது கவுன்ட்டரும் இல்லை, பதிவறையும் இல்லை. அது செல்போன் நிறுவனங்கள் வழியாக வரும் எஸ்எம்எஸ். உங்க இரண்டு அறையும் பலமாக இருந்தாலும், வாசலில் இருக்கும் அந்தச் சின்னக் கதவு இறுகினால் யாரும் உள்ளே வர முடியாது.

பணம் கட்டியாச்சு, ஆனா கட்டலை

இப்போ உங்க எல்லாருக்கும் நடந்திருக்கும் ஒரு விஷயம். கட்டணம் கட்டிட்டீங்க. வங்கியிலிருந்து பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. செயலியைத் திறந்தால் ‘கட்டணம் நிலுவை’ என்று இருக்கிறது. அரை நிமிஷம் கழித்துப் பார்த்தால் ‘செலுத்தப்பட்டது’.

இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். வங்கியிலிருந்து செய்தி வரத் தாமதமாகியிருக்கலாம். இன்னொரு காரணம் பதிவறையிலேயே இருக்கலாம். பெரிய டேட்டாபேஸ்கள் ஒரே தகவலை இரண்டு மூன்று இடங்களில் நகலாக வைக்கும். ஒன்றில் எழுதியது மற்றவற்றுக்குப் போய்ச்சேர ஒரு கணம் ஆகும். அந்தக் கணத்தில் பழைய நகலைப் படித்தால் பழைய பதில்தான் வரும். ‘கடைசியில் எல்லா நகலும் ஒத்துப்போகும், ஆனால் இந்த நொடியில் ஒத்துப்போகும் என்று உறுதி இல்லை’ என்பதுதான் பல நோ-எஸ்க்யூஎல் டேட்டாபேஸ்களின் இயல்பான ஏற்பாடு. வேகத்துக்காகக் கொடுக்கும் விலை அது.

வேணும் என்றால் உறுதியான பதிலையும் கேட்கலாம். டைனமோடிபியில் அப்படிக் கேட்டால் படிப்பதற்கு இரண்டு மடங்கு அலகு செலவாகும். கசாண்ட்ராவில் மூன்று நகல் இருந்தால், எழுதும்போது இரண்டிலாவது எழுது, படிக்கும்போது இரண்டையாவது கேள் என்று சொல்லலாம். மூன்று பேரில் இரண்டு பேரிடம் சொல்லி, பிறகு எந்த இரண்டு பேரைக் கேட்டாலும், ஒருத்தருக்காவது விஷயம் தெரிந்திருக்கும் இல்லையா? அதே கணக்குதான்.

செய்தி அறிவிப்பு, படம், தேடல் பட்டியல் ஆகியவற்றில் ஒரு நொடி பழைய தகவல் வந்தால் யாருக்கும் நட்டம் இல்லை. ஆனால் பணம், கடைசி ஒரு இடம், சான்றிதழ் எண் ஆகியவற்றில் அந்த ஒரு நொடி பெரிய விஷயம். கலந்தாய்வில் ஒரே இடத்தை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு ‘நகல் தாமதம்’ என்று சொன்னால் ஏற்க முடியுமா?

இங்கே குழுக்கள் செய்ய வேண்டிய இன்னொன்று. கட்டணப் பக்கம் திறக்கும் முன்னாலேயே ஒரு எண் கொடுத்துவிடுங்க. அதே எண்ணோடு இரண்டாவது முறை கோரிக்கை வந்தால் பணத்தை மறுபடி எடுக்காமல், பழைய பதிலையே திருப்பிக் கொடுங்க. மனுஷன் பதற்றத்தில் ரெண்டு முறை அழுத்தத்தான் செய்வான். அது அவன் தப்பு ஆகக்கூடாது.

பூட்டும் நகலும்

2017 ஜனவரியில் உலகம் முழுக்கப் பல்லாயிரம் மோங்கோடிபி டேட்டாபேஸ்கள் துடைக்கப்பட்டு, ‘பணம் கொடுத்தால் தகவல் திரும்பக் கிடைக்கும்’ என்ற குறிப்பு மட்டும் விடப்பட்டிருந்தது. பெரிய ஹேக்கிங் வித்தை எதுவும் நடக்கவில்லை. கடவுச்சொல்லே இல்லாமல் அந்த டேட்டாபேஸ்கள் இணையத்தை நோக்கித் திறந்து கிடந்தன. பதிவறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போன கதைதான். நிர்வகிக்கப்படும் டேட்டாபேஸ் சேவைகளில் இந்தப் பூட்டு ஆரம்பத்திலேயே போடப்பட்டிருக்கும். அதற்காகவே சின்னக் குழுக்கள் அந்த வழியில் போவது நல்லது.

இன்னொன்று, 2025 செப்டம்பர் 26. தென்கொரியாவின் தேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. 600-க்கும் மேற்பட்ட அரசு சேவைகள் நின்றன. அவற்றில் பல மெல்ல மெல்ல மீண்டன. ஆனால் அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் என்ற அமைப்புக்கு வெளியிடத்தில் நகல் இல்லை. 858 டெராபைட் தகவல் அழிந்தது. உலகத்தில் மின் ஆளுமைக்குப் பெயர் பெற்ற நாட்டிலேயே இது நடந்தது என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்கணும்!

பேக்கப் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீங்க என்று கேட்கணும். மீட்டுப் பார்க்காத பேக்கப், பூட்டிய பெட்டிக்குச் சாவி இருக்கிறதா என்று பார்க்காத மாதிரி.

எதில் முதலில் பணம் போடுவது?

ஆரம்பக் கேள்விக்கு வர்றேன். என் பதில் இது.

கவுன்ட்டரை இடம் மாற்றுவது சுலபம். கன்டெய்னர் பெட்டி இன்று ஒரு நிறுவனத்தில் ஓடும், அடுத்த மாதம் இன்னொன்றில் ஓடும். பதிவறையை மாற்றுவது கஷ்டம். தகவல் சேரச் சேர, அந்த டேட்டாபேஸின் தனி வழக்கங்களுக்கு நிரல் பழகிவிடும். பிறகு மாற்ற நினைத்தால் மாதக்கணக்கில் வேலை. அதனால் கன்டெய்னர் சேவையைச் சீக்கிரம் தேர்ந்தெடுங்க, டேட்டாபேஸை நிதானமாகத் தேர்ந்தெடுங்க.

மூன்று நான்கு பேர் உள்ள குழு என்றால், சொந்தமாக குபர்நெட்டிஸ் நடத்தாதீங்க. மேனேஜ்டு கன்டெய்னர் போதும். தகவலுக்கு, நிர்வகிக்கப்படும் ஒரு எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஆரம்பிங்க. வகைவகையான விண்ணப்பப் படிவம் என்றால் அதற்குள்ளேயே கோப்பு வடிவில் வைக்க முடிகிறதா பாருங்க. அது போதாமல், ஒரே எண்ணைக் கொடுத்து ஒரே கோப்பை எடுக்கும் வேலை லட்சக்கணக்கில் நடக்கிறது, வடிவம் அடிக்கடி மாறுகிறது என்றால், அந்தப் பகுதிக்கு மட்டும் நோ-எஸ்க்யூஎல் கொண்டுவாங்க. ஆதார் திட்டத்தின் தொடக்க கால அமைப்பிலேயே மைஎஸ்க்யூஎல், மோங்கோடிபி, எச்பேஸ் என்று வேலைக்குத் தகுந்தபடி பலவற்றைப் பயன்படுத்தினார்கள். ஒன்றை ஒழித்து இன்னொன்று என்ற பேச்சே இல்லை.

உங்க பக்கம்

கடைசியாக, போனோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு.

வட்டம் சுற்றும்போது மறுபடி மறுபடி அழுத்தாதீங்க, பக்கத்தைப் புதுப்பிக்காதீங்க. ஒவ்வொரு அழுத்தமும் வரிசையில் இன்னொரு ஆளாக நிற்கும். ஒரு நிமிஷம் விட்டு, ‘என் விண்ணப்பங்கள்’ பகுதியில் விண்ணப்பம் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்க.

பச்சை எழுத்தை மட்டும் நம்பாதீங்க. விண்ணப்ப எண் வந்ததா? அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. மறுநாள் ஒரு முறை உள்ளே போய், ஏற்றிய சான்றைத் திறந்து பாருங்க. திறந்தால்தான் அது இருக்கிறது என்று அர்த்தம்.

பணம் கழிந்தும் ‘நிலுவை’ என்று காட்டினால் உடனே இரண்டாவது முறை கட்டாதீங்க. பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைங்க. யுபிஐ மூலம் கட்டிய பணம் கழிந்து, வாங்க வேண்டியவருக்கு உறுதி போய்ச்சேராவிட்டால், 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வரணும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இது உங்க உரிமை.

கடைசி நாள், கடைசி மணி நேரம் வேண்டாம். முடிந்தால் காலை ஏழு மணிக்கோ இரவு பத்து மணிக்கோ செய்யுங்க. புகார் கொடுக்கும்போது ‘தளம் வேலை செய்யலை’ என்று மட்டும் எழுதாமல், தேதி, நேரம், விண்ணப்ப எண், திரையில் வந்த வாசகம் நாலையும் எழுதுங்க. அந்த நேரத்தை வைத்துத்தான் கோளாறு கவுன்ட்டரிலா பதிவறையிலா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியும்.

மென்பொருள் குழுக்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. ‘வெற்றிகரமாகப் பெறப்பட்டது’ என்று திரையில் எழுதுவது மக்களுக்குக் கொடுக்கும் வாக்கு. ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி வந்து பொத்தானை அழுத்தும் ஒருத்தர் அந்த வாக்கை நம்பித்தான் வீட்டுக்குத் திரும்புகிறார். எந்த டேட்டாபேஸ், எந்தக் கன்டெய்னர் என்று முடிவு செய்யும்போது அவரை நினைச்சுக்குங்க. “நாங்க எதுவும் தப்பா அமுக்கிட்டோமா?” என்று இன்னொருத்தர் கேட்கிற நிலைமை வரக்கூடாது.

கேள்விகள் இருந்தால் கேளுங்க, தெரிந்ததைச் சொல்றேன்.